ஆணியில் ஒரு பை

பதினெட்டாம் வளைவில் மண் சரிந்ததும்
ஏற்காடு மூன்று நாள் தனியாக இருந்தது.
குப்பனூர்ச் சாலையில் மரங்கள் குறுக்கே படுத்துக் கிடந்தன.
எங்கள் வீட்டில் டார்ச் இருந்தது, பாட்டரி இல்லை.
மெழுகுவத்தி இருந்தது, தீப்பெட்டி நமுத்திருந்தது.
சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு
பிலோமினா சொன்னாள்,
"இன்னும் ரெண்டு வேளைக்குச் சோறு வரும்."

மூன்றாம் நாள் விடிகாலை
ஜெனிட்டாவுக்கு இழுத்தது.
இன்ஹேலரைக் குலுக்கி அவள் வாயில் வைத்து அழுத்தினேன்.
வெறும் காற்று.
மலை முழுக்க அடித்துக்கொண்டிருந்த காற்றில்
ஒன்பது வயது நெஞ்சுக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை.
பக்கத்து வீட்டுச் சடையப்பன்
ஒற்றையடிப் பாதையில் அடிவாரம்வரை இறங்கி
மருந்தைப் பால் கவரில் சுற்றிக்கொண்டு ஏறி வந்தார்.
இடுப்புவரை சேறு.
"பில்லு நனைஞ்சிருச்சு" என்றார்,
மன்னிப்புக் கேட்பதுபோல.

எனக்கு ஜெராக்ஸ் கடை, ஏரிக்கு எதிரே.
இந்த மலையில் பாதிப் பேரின் ஆதார்
என் கண்ணாடியில் முகங்குப்புறப் படுத்து எழுந்திருக்கிறது.
சொந்த வீட்டுப் பத்திரத்துக்கு
ஒரு நகல் கிடையாது.

சாலை திறந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்
ஆரம்பிக்கலாம் என்றேன்.
எதிலிருந்து என்று தெரியவில்லை.
ஜெனிட்டாவின் போன வருஷப் பள்ளிப் பையை
உதறி, ஆணியில் மாட்டினேன்.
ஒரு பென்சில் சீவல் விழுந்தது.
அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் கடையில், யாரும் இல்லாத நேரத்தில்,
எங்களை நகலெடுத்தேன்.
சூடாக வந்த தாளில் மூவரும் கறுப்புவெள்ளையில்
காவல் நிலையச் சுவரில் ஒட்டிய
காணாமல் போனவர்கள்போல இருந்தோம்.
அவசரமாக லேமினேட் செய்தேன்.

"உசுருக்குப் பயந்தவன் மாதிரிப் பண்றீங்க"
என்றாள் பிலோமினா.
பயந்தவன்தான்.

பை நிரம்பவில்லை, ஒழுகியது.
புதுப் பாட்டரி இரண்டும் டிவி ரிமோட்டுக்குப் போயின.
இருநூறு ரூபாய்ச் சில்லறையில் பாதி பால்காரருக்கு.
பிஸ்கட்டை எலி தின்றதாக ஜெனிட்டா சாதித்தாள்.
எந்த எலி கத்தரியால் பொட்டலத்தை வெட்டும்?
திரும்ப வாங்கி வைத்தேன்.
திரும்பப் போனது.
ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பையைக் கொட்டி
மருந்தின் தேதியை வெளிச்சத்தில் படிப்பேன்.
இன்ஹேலரை மட்டும் யாரும் தொட்டதில்லை.

யாருக்கும் யார் நம்பரும் மனப்பாடம் இல்லை
என்பது அப்புறம்தான் உறைத்தது.
எனக்கு என் மனைவியின் நம்பரே
அவள் பெயராகத்தான் தெரியும்.
ஜெனிட்டாவுக்கு வாய்ப்பாடுபோலச் சொல்லிக்கொடுத்தோம்.
பத்து இலக்கத்தையும் பள்ளிவரை
குதித்துக் குதித்துச் சொல்லிப் போகிறாள்,
கடைசி இரண்டை மாற்றி.

பிரிந்துபோனால் எங்கே சேர்வது?
கோயில் என்றாள் அவள். கடை என்றேன் நான்.
"மேட்டுத் தண்ணித் தொட்டி.
அங்கருந்து பாத்தா மூணு ரோடும் தெரியும்" என்றாள் சின்னவள்.
எங்களுக்குப் பதில் இல்லை.

போன வியாழன் இரவு கரண்ட் போய்
மழை தகரத்தில் இறங்கியது.
சடையப்பன் வீட்டுப் பின்சுவர் சரிந்த சத்தம்.
இருட்டில் என் கை ஆணிக்குப் போனது.
ஆணி மட்டும் இருந்தது.

பிலோமினா ஏற்கெனவே வாசற்படியில்,
செருப்புப் போட்டு, பையை மடியில் வைத்து,
டார்ச்சை அவர்கள் சுவர்ப்பக்கம் பிடித்துக்கொண்டிருந்தாள்.
நால்வரும் வெளியே வந்துவிட்டார்கள்.
ஒவ்வொருவராக எண்ணினாள், சத்தமாக.

அவர்கள் பாப்பாவுக்குத் துண்டு எடுக்கக் கையை விட்டபோது
நான் வைக்காத பொருள்கள் தட்டுப்பட்டன:
செய்தித்தாளில் சுற்றிய நாப்கின்,
ஒரு ஜெபமாலை,
மருந்துக்கடை பில் ஒன்று, நனைந்து காய்ந்தது.

"எல்லாம் இருக்கு" என்றேன்.
"தண்ணி?" என்றாள்.

பாட்டிலைத் தேடி
இருட்டுக்குள் திரும்பிப் போனேன்.